சத்தம் கேட்டால் வெளியே

நான் பிறந்து வளர்ந்தது விருதுநகர் பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில். எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டி ஒரு எண்ணெய்க் கடையின் குடோன். விடிந்தால் லாரி வரும். சுமைக்காரர்கள் டின்களை இறக்குவார்கள். கணக்குப்பிள்ளை அவர்களைத் திட்டுவார், அவர்கள் அவர் காதில் விழாதபடி திருப்பித் திட்டுவார்கள். அந்தச் சத்தத்துக்கு மேலே சத்தம் போட்டால்தான் அடுப்படியில் இருக்கும் அம்மாவிடம் காப்பி கேட்க முடியும். அதனால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தொண்டை பெரியது. சண்டை நடக்கிறது என்று நினைத்து விலக்கிவிட வந்தவர்கள்கூட உண்டு. நாங்கள் குழம்பில் உப்பு போதுமா என்று பேசிக்கொண்டிருந்திருப்போம்.

அந்தத் தொண்டையோடு நான் கல்யாணமாகிப் போய்ச் சேர்ந்தது எம். புதுப்பட்டியில் ஒரு கலவைக்காரர் வீட்டுக்கு. இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மாமனாரும் மாமியாரும் வெம்பக்கோட்டைப் பக்கம் அடுத்தவர் காட்டில் கூலி வேலை பார்த்தே காலத்தைக் கழித்தவர்கள். நான் போவதற்கு முன்பே இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வீட்டில் அவரும் நானும் மட்டும்தான்.

கலவைக்காரர் என்றால் பட்டாசுக்குள் போகிற மருந்தைக் கலக்குகிறவர். ஆலையின் கோடியில், மற்ற அறைகளை விட்டுத் தள்ளி, அதற்கென்று ஒரு அறை இருக்கும். வெயில் ஏறுவதற்குள் வேலையை முடிக்க வேண்டும் என்பதால் இருட்டோடு கிளம்பிப் போய், மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுவார். அந்த அறையில் பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. எது நடந்தாலும் ஒரு ஆளோடு போகட்டும் என்கிற ஏற்பாடு அது. பெண் பார்க்க வந்தபோது இதை யாரும் சொல்லவில்லை. கம்பெனியில் நல்ல மதிப்பு, குடிக்க மாட்டார், அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டார் என்றார்கள். அதிர்ந்து பேச மாட்டார் என்பதை நான் குணம் என்று எடுத்துக்கொண்டேன். அது வேலை என்று போன பிறகுதான் தெரிந்தது.

அந்த வீட்டில் எதையும் இழுக்கக் கூடாது. நாற்காலியைத் தூக்கித்தான் நகர்த்துவார். தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவதுபோல டம்ளரைத் தரையில் வைப்பார். வாசலில் செருப்போ குடமோ கிடந்தால் ஒன்றும் சொல்லாமல் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு வருவார். உள்ளே நுழையும்போது நிலையில் ஒரு நிமிடம் உள்ளங்கையை வைத்துவிட்டுத்தான் காலை எடுத்து வைப்பார். என்ன பக்தி என்று நான் மெச்சிக்கொண்டேன். ஆலையில் அறைக்கு அறை வாசலில் செம்புத் தகடு பதித்திருப்பார்களாம். உடம்பில் இருக்கிற கரண்ட் இறங்குவதற்காக அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டுமாம். வீட்டு நிலையில் தகடும் இல்லை, தெய்வமும் இல்லை. கை அது பாட்டுக்குப் போய்த் தொட்டுக்கொண்டிருந்தது. என் நைலக்ஸ் சேலைகளை அவர் ஒரு தினுசாகப் பார்ப்பார். நூல் சேலை கட்டினால்தான் பக்கத்தில் வந்து உட்காருவார். இதற்கும் ஆலையில் ஏதோ விதி இருக்கிறது என்று தெரியும் வரை, எனக்கு நூல் சேலை பொருத்தமாக இருக்கிறது போலிருக்கிறது என்று கண்ணாடி முன்னால் நின்று பூரித்துக்கொண்டிருந்தேன். சொன்னால் வெட்கக்கேடு.

காலையில் கம்பெனி வேன்கள் வந்து ஊரையே அள்ளிக்கொண்டு போய்விடும். வேப்பமரமும் குடிதண்ணீர்க் குழாயும் நானும்தான் மிச்சம். மத்தியானம் அவர் வருவார். கை கால் கழுவுவார், உட்காருவார், சாப்பிடுவார். கம்பெனியில் இன்றைக்கு என்ன என்று கேட்டால், “ஒண்ணுமில்ல” என்பார். ஒன்றும் நடக்காமல் இருப்பதுதான் அவர் வேலையின் வெற்றி என்பதால் அது உண்மையான பதில்தான். ஆனால் ஒரு பெண் எத்தனை நாளைக்கு அந்தப் பதிலோடு குடித்தனம் நடத்துவாள்? எனக்குப் பேச ஆள் வேண்டும். நான் பேசினால் யாராவது மறித்துப் பேச வேண்டும். அங்கே நான் பேசிய பேச்சு சுவரில் முட்டி எனக்கே திரும்பி வந்தது. கொஞ்ச நாளில் என் குரலைக் கேட்க எனக்கே கூச்சமாகிவிட்டது. ஒரு நாள் தட்டை நானும் சத்தம் வராமல் கீழே வைத்தேன். வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அழுகை வந்தது.

பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்குப் போனேன். அம்மா என்னைப் பார்த்த மாத்திரத்தில், “ஏன் இப்படி முனங்குற? தொண்ட கட்டிருச்சா?” என்றாள். நான் சாதாரணமாகத்தான் பேசினேன். பக்கத்தில் டின் விழுந்தால் எனக்குத் தூக்கிப் போட்டது. அண்ணனும் அப்பாவும் பேசினால் தலை வலித்தது. இருபத்தோரு வருடம் தாலாட்டாகக் கேட்ட சத்தம் அது. இந்த வீட்டுக்கும் நான் ஆகவில்லை, அந்த வீட்டுக்கும் ஆகவில்லை என்று நினைத்தபோது, மடியில் பிள்ளை இருந்தும் எனக்கென்று ஒருவரும் இல்லாததுபோல் இருந்தது.

மகளைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்ததும் சண்டைக்கு நின்றேன். அவரிடம் இல்லை, வீட்டிடம். வேண்டுமென்றே பாத்திரத்தை உருட்டினேன். அண்ணன் கொடுத்த டேப் ரிக்கார்டரைப் பகலெல்லாம் அலறவிட்டேன். சீரில் வந்த குக்கர் பரண்மேல் கிடந்தது. விசில் சத்தம் அவருக்கு ஆகாது என்பதால் அதை அதுவரை எடுக்கவில்லை. இறக்கிக் கழுவி, தினமும் அதில்தான் பருப்பு வைத்தேன். முதல் விசிலுக்குத் தோள் குலுங்கும், இரண்டாவது விசிலுக்கு எழுந்து வேப்பமரத்தடிக்குப் போய்விடுவார். நான் சத்தத்தைக் கூட்டக் கூட்ட அவர் தள்ளிப் போனார். அவர் தள்ளிப் போகப் போக நான் கூட்டினேன். வீடு ஒரு வழியாகப் பஜார் வீடு ஆனது. அதில் குடியிருக்கத்தான் ஆள் இல்லை.

மகளிடம் மட்டும் அவர் வேறு ஆள். மத்தியானம் வந்து வெளித்தொட்டியில் ஒன்றுக்கு மூன்று முறை கை கழுவி, வேட்டியை மாற்றிக்கொண்டு, அவளை மடியில் வைத்துப் பருப்புச் சோறு ஊட்டுவார். அவள் காதருகில் குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டே இருப்பார். அவளும் அதே மெல்லிய குரலில் திருப்பிச் சொல்வாள். அடுப்படியில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாலும் எனக்கு ஒன்றும் விளங்காது. பொறாமை என்றால் பொறாமைதான். ஆனால் அதுதான் எனக்கு ஒரு வழியையும் காட்டியது.

மகளுக்கு இரண்டு வயது நெருங்கும்போது, சூலக்கரையில் ஒரு அலுவலகத்தில் டைப் அடிக்கத் தற்காலிகமாக ஆள் எடுக்கிறார்கள் என்று அண்ணன் சொல்லி அனுப்பினான். நான் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியவள். பகலில் பத்துப் பேர் மூஞ்சியைப் பார்க்கலாம், நாலு வார்த்தை பேசலாம் என்பதே எனக்குச் சம்பளம் மாதிரிதான். காலையில் பிள்ளையைப் பக்கத்து வீட்டு மதினி பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். அவள் வீட்டிலேயே உட்கார்ந்து பட்டாசுப் பெட்டி ஒட்டுகிறவள். மத்தியானத்துக்கு மேல் அவர் இருக்கிறார். எல்லாம் கூடி வந்தது. அவரிடம் கேட்டேன். தலையை ஆட்டினார்.

அந்த வாரத்தில்தான் குக்கர் வெடித்தது.

வெடித்தது என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. விசில் வருகிற ஓட்டை அடைத்துக்கொண்டு, வால்வு தெறித்து, ராத்திரிக்கென்று வைத்திருந்த பருப்பெல்லாம் கூரை ஓட்டில் போய் அடித்தது. நான் அடுப்படி மூலையில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்ததால் கையில் இரண்டு பொட்டுச் சூட்டோடு தப்பித்தேன். பிள்ளை என்ன ஆனாளோ என்று முன்னறைக்குப் பாய்ந்தேன். பிள்ளை தரையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே அவர் சாப்பிட்ட தட்டு. அவர் இல்லை. அவர் தட்டில் இருந்த அப்பளத்தை எடுத்து இவள் தின்றுகொண்டிருந்தாள்.

வாசலுக்கு வந்து பார்த்தேன். தெருக்கோடியில் தண்ணீர்க் குழாயடியில் அவர் நின்றுகொண்டிருந்தார். முதுகு வீட்டைப் பார்க்க, முகம் காட்டைப் பார்க்க. வலது கையில் சோறு அப்படியே இருந்தது. தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். மடியில் இருந்த பிள்ளையைக் கீழே வைத்துவிட்டு ஓடியிருக்கிறார். கீழே வைத்தாரா, அவள் வழுக்கி விழுந்தாளா என்பதுகூட எனக்குத் தெரியாது. கூப்பிட்டேன். வரவில்லை. ரொம்ப நேரம் கழித்து, நான் பருப்பையெல்லாம் துடைத்து முடித்த பிறகு வந்தார்.

என் தொண்டை அன்றைக்குத்தான் பழையபடி திறந்தது. “பெத்த பிள்ளைய விட்டுட்டு ஓடுன ஆம்பளைய இன்னைக்குத்தான் பாக்கேன்” என்றேன். தெருவுக்கே கேட்டிருக்கும். அவர் நிலையில் கையை வைத்தபடி நின்றார். அன்று முழுதும் உள்ளே வந்து உட்காரவில்லை.

சாயங்காலம் விளக்குப் போடும்போது வாசலில் இருந்தபடியே சொன்னார். “அங்கன எங்களுக்குச் சொல்லிக் குடுத்தது அது ஒண்ணுதான். சத்தம் கேட்டா வெளிய. திரும்பிப் பாக்கக் கூடாது. திரும்பிப் பாத்தவுக யாரும் இப்ப இல்ல.”

எனக்கு அது காதில் ஏறவில்லை. அங்கே சரி, இங்கே என்ன வந்தது? இது வீடு. இங்கே இருப்பது பருப்பும் பிள்ளையும். இதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக் குமைந்தேன். இவரை நம்பிப் பிள்ளையை விட்டுவிட்டு நான் எப்படிச் சூலக்கரைக்குப் பஸ் ஏறுவது? வேலைக்கு வாய்க்கரிசி போட்டாயிற்று என்று முடிவு செய்தேன். அண்ணனிடம் ஆளை வைத்துச் சொல்லி அனுப்பினால், இன்னும் யாரையும் எடுக்கவில்லை, யோசித்துச் சொல் என்றான். யோசிக்க என்ன இருக்கிறது? அந்தத் தெருவுக்குள் இனிமேல் ஆயுசுக்கும் நான்தான், வேப்பமரம்தான்.

அதற்குப் பிறகு அவர் மகளை மடியில் வைக்கவில்லை. அவள் ஏறி உட்கார்ந்தால் மெதுவாக இறக்கிவிடுவார். நான் பேசாமல் இருந்தேன். அவர் எப்போதுமே பேசியதில்லை. இப்போது பிள்ளையிடமும் பேச்சில்லை. டேப் ரிக்கார்டரை நான் எடுக்கவில்லை. குக்கரைப் பழைய பாத்திரக்காரனுக்குப் போட்டுவிட்டேன். மூன்று பேரும் மூன்று மூலையில் இருந்தோம். எறும்பு ஊர்ந்தால் கேட்டிருக்கும்.

சில வாரம் கழித்து ஒரு மத்தியானம். ரேஷன் கடைக்குப் போய்விட்டு வருகிறேன். பிள்ளை மதினி வீட்டில் இருப்பாள் என்று நினைத்துக்கொண்டு வந்தால், எங்கள் வீட்டுக்குள்ளிருந்து டமாரென்று தட்டை அடிக்கிற சத்தம். அடுத்த நொடி மகள் வாசலைத் தாண்டி விழுந்தடித்து ஓடி வருகிறாள். வேப்பமரத்தடியில் போய், காட்டைப் பார்த்தபடி விறைப்பாக நிற்கிறாள். அவர் பின்னால் வந்து, அவளைத் தூக்கி, வாயில் ஒரு துண்டு கடலைமிட்டாயை வைக்கிறார். மறுபடி உள்ளே கூட்டிப் போகிறார். மறுபடி தட்டு. இந்தத் தடவை ஓடி வந்தவள் பாதியில் திரும்பி வீட்டைப் பார்த்தாள். மிட்டாய் கிடையாது.

என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அரிசிப் பையை வாசலிலேயே போட்டுவிட்டு, “நாய்க்குட்டியப் பழக்குற மாதிரி பிள்ளையப் பழக்குறீகளே, ஒங்களுக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா?” என்று கேட்டேன்.

அவர் வாசலில் கிடந்த பையைத்தான் முதலில் எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு பேசினார். நான் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவர் அவ்வளவு பேசிக் கேட்டதில்லை.

“எனக்குக் காலு நிக்காது. நான் என்ன நெனச்சாலும் அது முன்னால போயிருது. அன்னைக்குப் பிள்ள உள்ள இருக்கான்னு தெரியும். திரும்பி வரணும்னுதான் நின்னேன். காலு வரல. இனியும் வராது. நான் வெளியதான் நிப்பேன். இவ வெளிய வந்துட்டா தூக்கிக்கிருவேன். என்னால முடிஞ்சது அம்புட்டுத்தான்.”

நான் பையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். அவரை மன்னித்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். இந்த மனிதன் தன் காலை மாற்ற முடியாது என்று தெரிந்துகொண்டு, பிள்ளையின் காலை மாற்றிக்கொண்டிருக்கிறார் என்று மட்டும் புரிந்தது. அது சரியா தப்பா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அன்று நான் தடுக்கவில்லை. தட்டுச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அடுப்படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன். மகளுக்கு அது விளையாட்டு. சிரித்துக்கொண்டே ஓடுவாள். கொஞ்ச நாளில் சிரிப்பு நின்றது. மிட்டாய்கூடக் கேட்பதில்லை. ஓடுவாள், நிற்பாள், அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவர் மரத்தடியில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே மகளை முன்னால் உட்காரவைத்துத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். இரண்டு கால்களுக்கு நடுவில் அவளை இடுக்கிப் பிடித்திருந்தேன், இல்லாவிட்டால் தலையைக் கொடுக்க மாட்டாள். அப்போது தெருவின் மறுமுனையில் டிரான்ஸ்பார்மர் வெடித்தது. வீடு அதிர்ந்தது. அவள் என் முழங்காலுக்குள்ளிருந்து எப்படி நழுவினாள் என்று தெரியவில்லை. என் கையில் ரிப்பன் மட்டும் இருந்தது. வாசல் வழியே பார்த்தேன். அவர் ஏற்கனவே ஓடிக் குழாயடிக்குப் போய்விட்டிருந்தார். ஆனால் அங்கே போய்த் திரும்பி நின்றிருந்தார். அது அவருடைய பழைய பாடத்தில் இல்லாதது. இரண்டு கையையும் நீட்டிக்கொண்டிருந்தார். அவள் நேராக ஓடிப்போய் அந்தக் கைகளில் ஏறினாள். ஒரு தடவைகூடத் திரும்பி என்னைப் பார்க்கவில்லை.

சந்தோஷப்பட வேண்டிய நேரம். பட்டேன் என்றுதான் நினைக்கிறேன். பிள்ளை பிழைத்துக்கொள்வாள், இவரிடம் விட்டுவிட்டுப் போகலாம், எனக்குச் சூலக்கரை கிடைத்துவிட்டது. எல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் தெரிந்தது. ஆனாலும் அவர்கள் இரண்டு பேரும் அங்கே, நான் மட்டும் இங்கே சீப்பும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன் என்பதும் தெரிந்தது. எழுந்திருக்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

அவளைத் தூக்கிக்கொண்டு வந்தவர் என்னைப் பார்த்து, “நீயும் வெளிய வந்திருக்கணும்” என்றார். குறை சொல்கிற குரல் இல்லை. நான் ஏதோ ஒரு பதில் சொல்ல வேண்டுமே என்று, ரிப்பன் இங்கேயே இருக்கிறது, தலையைக் காட்டச் சொல்லுங்கள் என்றேன்.

அண்ணனைக் கேட்டால் அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருந்தது. அடுத்த வாரம் வேலைக்குச் சேர்ந்தேன். சிவகாசி போய், பஸ் மாறி, விருதுநகர் தாண்டிச் சூலக்கரை. கிளம்பும்போது மகள் அழுவாள், சமாதானம் செய்ய நேரமாகும் என்று கணக்குப் போட்டு முன்னதாகவே புறப்பட்டேன். அவள் மதினி வீட்டு வாசலில் பெட்டி அட்டைகளை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தாள். போய்ட்டு வா என்று சொன்னதோடு சரி. பஸ் பாதி வழி போகும்வரை எனக்குத்தான் மூக்கைச் சிந்த வேண்டியிருந்தது.

அலுவலகத்தில் பேச்சுக்குப் பஞ்சமில்லை. பிள்ளைகள் படிப்பு, சீட்டு, சேலை, யார் வீட்டு விசேஷம் என்று நாளெல்லாம் ஓடும். இதற்காகத்தான் ஏங்கிக் கிடந்தேன். ஆனால் உட்கார்ந்தால் எனக்குப் பேச வரவில்லை. அவர்கள் கேட்டால் பதில் சொல்வேன், அதையும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள் என்பார்கள். நாற்காலியைத் தூக்கி நகர்த்துகிற பெண் என்று எனக்குப் பின்னால் சிரித்துக்கொண்டார்கள் என்பதும் தெரியும். அவர்கள் நல்லவர்கள்தான். ஐந்தாறு பேருக்கு நடுவில் உட்கார்ந்து, தனியாக டைப் அடித்துக்கொண்டிருந்தேன்.

சேர்ந்து சில மாதம் இருக்கும். பக்கத்து அறையில் பீரோவை இடம் மாற்றிக்கொண்டிருந்தார்கள். பிடி நழுவி அது தரையில் சாய்ந்தது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டதா என்றுகூட ஞாபகம் இல்லை. வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன். செருப்பு நாற்காலிக்கு அடியில் கிடந்தது. கையில் பாதி அடித்த தாள், அதையும் மிஷினிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். உள்ளே எல்லோரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்தபடி ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார்கள். யாரோ சிரித்தார்கள். ஒரு அம்மா, ஒன்றுமில்லை, பீரோதான், உள்ளே வாங்க என்று கூப்பிட்டார். வர வேண்டும் என்றுதான் நினைத்தேன். கால் வரவில்லை. கையில் சோற்றோடு குழாயடியில் நின்ற மனிதர் ஞாபகத்துக்கு வந்தார். அன்று நான் அவரைத் கூப்பிட்டதும், பிறகு தெரு கேட்கச் சொன்ன சொல்லும் ஞாபகத்துக்கு வந்தன. அவர் அங்கே நின்ற நேரம் எவ்வளவு நீளம் என்று அந்த வராந்தாவில்தான் எனக்குத் தெரிந்தது.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அவரிடம் சொன்னேன். பீரோ விழுந்ததையும், நான் ஓடியதையும், அவர்கள் சிரித்ததையும். வருத்தப்படுவார், ஏதாவது ஆறுதலாகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேனா என்று தெரியவில்லை. அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, முதல் தடவையாக ஒரு முழு விவரத்தையும் என்னிடமிருந்து கவனமாகக் கேட்டார். வாசல் எந்தப் பக்கம், வழியில் மேசை ஏதும் கிடந்ததா என்றெல்லாம் விசாரித்தார்.

“எம்புட்டுத் தூரம் ஓடுன?” என்றார்.

“வராந்தா வரைக்கும்.”

அவர் வாசல் வழியே குழாயடிப் பக்கம் பார்த்தார்.

“பத்தாது” என்றார்.